அடுப்பில்லாத கன்று

ராஜபாண்டி தன் வாழ்நாளில் எவ்வளவோ பேசியிருக்கிறான். இலைக்குப் பச்சை தருகிற பசுங்கணிகத்தைப் பற்றி ஓர் ஆய்வேடு முழுக்கப் பேசியிருக்கிறான். அதைப் படித்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவன் அவன். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வருடக்கணக்கில் பேசியிருக்கிறான். கடைசி பெஞ்சு தூங்கியது, முதல் பெஞ்சு கண்ணைத் திறந்துகொண்டு தூங்கியது. ஆனால் சின்னமனூர் வட்டாரமே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது, அவன் சொன்னதில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான்.

"தாய் மரத்த வெட்டுன அன்னைக்கே இந்தக் கன்னு செத்துரும்."

சொன்ன இடம், அவனுடைய மாமனார் நல்லகண்ணுவின் வாழைத்தோட்டம். படம் பிடித்தவன் ஜஸ்டின். குச்சனூர் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்துக்கொண்டு, கூட்டம் இல்லாத நேரத்தில், அதாவது பெரும்பாலான நேரத்தில், யூடியூப் சேனல் நடத்துகிறவன். சேனலில் அந்த வீடியோவுக்கு அவன் வைத்த தலைப்பு: "வெள்ளை வாழை அம்மன்! சாபம் விட்ட மருமகன்!"

விஷயம் இதுதான். வாய்க்கால் ஓரத்து வரிசையில் ஒரு திசு வளர்ப்பு வாழையின் காலடியில் பக்கக்கன்று ஒன்று முளைத்தது. தண்டு வெள்ளை. இலை வெள்ளை. விரியாத குருத்தும் வெள்ளை, யாரோ சலவை வேட்டியைச் சுருட்டி நட்டு வைத்த மாதிரி. முதலில் பார்த்தவள் மாமியார் முருகம்மாள். புல் அறுக்கப் போனவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள். அடுத்த தோட்டத்து மாயக்காள் வந்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமை விளக்கு வந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கம்பத்திலிருந்து ஒரு வேன் வந்தது. நல்லகண்ணு மட்டும் கும்பிடவில்லை. வருகிறவர்கள் மிதித்த பாத்தியைத் தினமும் மண்வெட்டியால் சரி செய்துகொண்டு, "அம்மன் வந்தா வந்துட்டுப் போகட்டும், வாய்க்கா வழியா வந்தா என்ன" என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஜஸ்டின் ராஜபாண்டியின் முன்னால் போனை நீட்டினான். "சார், நீங்க பி.எச்.டி.யாமே? இதப் பத்தி ரெண்டு வார்த்த."

ராஜபாண்டியை யாரும் எதைப் பற்றியும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ரொம்பப் பேசினான். இலைக்குப் பச்சை என்பது அடுப்பு, வெயிலைப் போட்டு எரித்துச் சர்க்கரை சமைக்கிற அடுப்பு. இந்தக் கன்றுக்கு அடுப்பு இல்லை. கிழங்கு வழியாகத் தாய் ஊட்டுகிறது, இது தின்கிறது. இது அம்மனும் இல்லை, பேயும் இல்லை, பாவம், ஒரு பிறவிக்குறை. இவ்வளவையும் சொல்லிவிட்டு முடிவுரையாகத்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னான். ஜஸ்டின் முகவுரை, விளக்கவுரை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முடிவுரையை மட்டும் வைத்துக்கொண்டான். பின்னணியில் உடுக்கைச் சத்தம் சேர்த்திருந்தான்.

மறுநாள் டீக்கடையில் பெஞ்சில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள். ஜஸ்டின் வெட்டிப் போட்ட பேச்சையும் தோட்டத்தில் நின்றவர்களிடம் கேட்டிருந்த மூன்றாவது ஆள் ஒருவர் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "அடுப்பு இல்லாம அடுத்தவுக சமைக்கிறதத் தின்னுக்கிட்டுக் கெடக்குன்னு சொன்னாகளாம்ல? அது கன்னப் பத்திச் சொன்ன மாதிரி தெரியல. தன்னப் பத்திச் சொல்லிக்கிட்ட மாதிரில இருக்கு."

டீ நன்றாகத்தான் இருந்தது. முழுசாகக் குடிக்க முடியவில்லை.

அந்த ஆள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் தொல்லை. ராஜபாண்டி வகுப்பில் வருடாவருடம் சொல்லுகிற ஒரு நகைச்சுவை உண்டு. பசுங்கணிகம் ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. கோடிகோடி வருடங்களுக்கு முன்னால் ஒரு செல் அதை விழுங்கியது. விழுங்கியதைச் செரிக்கவில்லை, வீட்டோடு வைத்துக்கொண்டது. அதுவும் தன் மரபணுச் சொத்தில் முக்கால்வாசிக்கு மேல் உட்கருவின் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கேயே தங்கிச் சமைத்துப் போட ஆரம்பித்தது. "வீட்டோட மாப்பிள்ளைப்பா" என்பான். அந்த ஒரு இடத்தில் கடைசி பெஞ்சும் விழித்துச் சிரிக்கும்.

இந்த வருடம் கல்லூரியிலிருந்து கூப்பிடவில்லை. தேனியில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி மாரீஸ்வரியின் அப்பா வீட்டுக்கு வந்தார்கள். தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சொல்லுக்கு இப்போது நரை தட்டியிருந்தது. மாரீஸ்வரி தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் பஸ் ஏறிப் போவாள், இருட்டுகிற நேரத்துக்குக் காலை இழுத்துக்கொண்டு வருவாள். ராஜபாண்டி விளம்பரங்களைப் பார்ப்பான், விண்ணப்பம் போடுவான், நேர்காணலுக்குப் போவான், திரும்பி வருவான். பசுங்கணிகமாவது சமைத்துப் போட்டது என்று இப்போதெல்லாம் அடிக்கடி தோன்றும். அந்த நகைச்சுவைக்கு அவன் சிரிப்பதில்லை.

வீடியோ வந்த பிறகு முருகம்மாள் அவனிடம் ஒரு வார்த்தை குறைவாகப் பேசினாள். முன்பே அவளுக்கு மருமகனிடம் நேராகப் பேசுகிற பழக்கமில்லை. கதவைப் பார்த்துத்தான் பேசுவாள். இப்போது கதவுக்கும் அந்தப் பேச்சுக் கிடைக்கவில்லை. தட்டில் சோறு வந்தது, குழம்பு வந்தது, அப்பளம் வந்தது. ஒன்றும் குறையில்லை. அதுதான் அவனை உறுத்தியது.

தாய் மரத்தில் தார் முற்றிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வெட்டு என்று வியாபாரி சொல்லிவிட்டான். தார் இறங்கியதும் நல்லகண்ணு மரத்தைச் சாய்த்துவிடுவார். 'ஒரு குழிக்கு ஒரு கன்னு' என்பது அவர் சட்டம். வாகான பச்சைக் கன்று ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சீவிவிடுவார். முருகம்மாளுக்காக வெள்ளைக் கன்றைச் சீவாமல் விட்டாலும், தாய் போன பிறகு அது எத்தனை நாள் தாங்கும் என்று ராஜபாண்டிக்குத் தெரியும். அது செத்தால் சாகடித்தது அவன் நாக்கு. நாக்கால் அம்மனைக் கொன்ற மருமகன் இந்த வீட்டில் எந்த முகத்தோடு தட்டு முன்னால் உட்காருவான்? மாரீஸ்வரி இந்த வாசலில் எப்படி நடப்பாள்? எந்தக் கன்று சாகும் என்று அவனுடைய படிப்பு சொன்னதோ, அதே கன்று சாகாமல் இருந்தால்தான் அவனுக்கு இங்கே சோறு.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. படித்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை.

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிக்குள் வெள்ளை நாற்றுகள் உயிரோடு இருப்பதை அவன் பார்த்திருக்கிறான். அடுப்பில்லாத நாற்றுக்குச் சர்க்கரையைக் கரைத்து வைத்துவிடுவார்கள். அது பாட்டுக்கு உறிஞ்சிக்கொண்டு இருக்கும். குப்பிக்குள் ஒரு கிருமி கிடையாது என்பதும், அதனால்தான் அந்தச் சர்க்கரை நாற்றுக்குப் போய்ச் சேருகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். தோட்டத்து மண்ணில் ஒரு சிட்டிகைக்குள் கோடி வாய்கள். வேர் நாக்கை நீட்டுவதற்குள் அவை பந்தியை முடித்துவிடும் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டே, சாயங்காலம் ஆட்கள் போன பிறகு, ஒரு செம்புத் தண்ணீரில் சமையலறைச் சீனியைக் கரைத்துக் கொண்டுபோய் ஊற்றினான். மறுநாளும் ஊற்றினான். நேர்காணலுக்குப் போவதும் இந்த மாதிரித்தான், தெரிந்துகொண்டே.

சமையலறையில் முருகம்மாள் மகளிடம் குரலைத் தாழ்த்தினாள். அந்த வீட்டில் தாழ்த்திய குரல் திண்டுக்கல் வரை கேட்கும்.

"ஏத்தா, மாப்ளை காப்பிக்கு எம்புட்டுச் சீனி போடுறாக? டப்பா அடியத் தட்டுது."

"அவுககிட்டயே கேளும்மா."

"நான் கேட்டா நல்லாருக்குமா? வேல இல்லாத மனுசன், சீனியக் கூடக் கணக்குப் பாக்குறாளேன்னு நெனைக்க மாட்டாகளா? ஒடம்புல சீனி வந்துராமப் பாத்துக்கத்தா, அம்புட்டுத்தான்."

ராஜபாண்டி நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஒரு கரண்டி குறைத்துக் கரைத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கன்றைப் பார்க்கப் போனான். கூட்டம் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. வெயில் பட்ட இலைகளின் ஓரம் காகிதம் கருகினாற்போல் பழுத்திருந்தது. அதை அவன் எதிர்பார்த்திருந்தான். எதிர்பார்க்காதது எறும்பு. வாய்க்கால் கரையிலிருந்து சாரை சாரையாக வந்து, சீனி ஊற்றின மண்ணைச் சுற்றி, அதோடு நிற்காமல் வெள்ளைத் தண்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறுகிற எறும்புக்கு மேலே என்ன வேலை? அவன் மட்டையை மெதுவாக விலக்கிப் பார்த்தான்.

அடிமடிப்பில் கடுகு கொட்டினதுபோல் அசுவினி. ஊரில் பேன் என்பார்கள். பழுப்பும் கறுப்புமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, வாயை ஊன்றிச் சாறு குடித்துக்கொண்டிருந்தன. எறும்புகள் சுற்றிச் சுற்றி வந்து அவற்றைத் தடவி, பின்பக்கம் கசிகிற தித்திப்பை வாங்கிக்கொண்டிருந்தன. மாடு வளர்க்கிறவனும் மாடும் மாதிரி. எறும்பு காவல் இருக்கிற இடத்தில், அசுவினியைத் தின்ன வருகிற பொறிவண்டும் கிட்டே அண்டாது.

ராஜபாண்டி பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இலையைப் பூச்சி கடித்தால் செடி என்ன செய்யும் என்பதுதான் அவனுடைய ஆய்வு. கடிபட்டதும் மணியடிக்கிற வேலையும் பசுங்கணிகத்துக்குள்தான் தொடங்குகிறது. மல்லிகையின் பேரை வைத்த ஓர் அமிலம் அங்கே பாதி சமைந்து வெளியே வரும், செடி முழுக்கக் கதவடைப்பு நடக்கும். கல்யாணப் பேச்சு நடந்தபோது நல்லகண்ணு இதைக் கேட்டுவிட்டு, "புழு கடிச்சா எலை ஓட்டையாப் போகும். இதுக்கு இத்தன வருசமா?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார். இந்த வெள்ளை இலைக்கு அந்த மணி எவ்வளவு தூரம் அடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது. யாராவது ஆராய்ந்து பார்க்கலாம். ஆள் வேலையில்லாமல்தான் இருக்கிறான். ஆனால் இப்போது அவன் கவலை ஆய்வு இல்லை. வாழையில் இந்த அசுவினி சும்மா வருகிற விருந்தாளி இல்லை. முடிக்கொத்து நோயின் வைரஸை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குச் சுமந்துகொண்டு போவது இதுதான். வந்த மரத்தில் இலை குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும், தார் வராது, மருந்து கிடையாது. பழனி மலைப்பக்கம் மலைவாழையை ஒரு காலத்தில் அழித்த நோய். இந்தப் பேன்களில் நோய் இருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. தெரியும்போது தோட்டம் போயிருக்கும்.

சாகக்கூடாது என்று ஒரு கன்றுக்குச் சீனி ஊற்றி, தோட்டத்துக்கே பந்தி வைத்திருக்கிறான்.

"என்ன மாப்ளை, நீங்களும் கும்பிட ஆரம்பிச்சிட்டீகளா?"

மண்வெட்டியோடு நல்லகண்ணு வந்து நின்றார். அவன் எழுந்தான். மட்டையை விலக்கிக் காட்டினான். அவர் குனிந்து பார்த்தார். பக்கத்து மரத்தின் மட்டையை விலக்கினார், அதற்கடுத்ததை விலக்கினார். திரும்பி வந்தார்.

"பக்கத்து மரத்துலயும் நாலஞ்சு ஏறியிருக்கு. அதுக்கு அங்கிட்டு இல்ல." மண்ணை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "தித்திக்குது. பொம்பளைக பானகம் ஊத்துறாளுகன்னு நெனைக்கிறேன். அந்த மாயக்கா வேலையாத்தான் இருக்கும். வரட்டும், இன்னைக்கு வச்சுக்கிறேன்."

இதைவிடப் பெரிய வாசல் ஒருவனுக்குத் திறக்காது. ராஜபாண்டி அந்த வாசலை ஒரு நிமிடம் ஆசையோடு பார்த்தான். மாயக்காளுக்கு ஊரில் ஏற்கெனவே கெட்ட பேர்தான். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் தெரியவே தெரியாது. ஆனால் அவள் பானகம் ஊற்றவில்லை. மஞ்சளும் குங்குமமும் மட்டும்தான் வைத்தாள்; பேனுக்கு அதில் ஆர்வமில்லை.

"பானகம் இல்ல மாமா. சீனி. நாந்தான் ஊத்துனேன்."

நல்லகண்ணு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"எதுக்கு?"

"சாகக் கூடாதுன்னு."

"நீங்கதான சாகும்னு சொன்னீக?"

"அதுனாலதான் மாமா."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். சிரிப்பு வருகிறதா கோபம் வருகிறதா என்று அவருக்கே தெரியாத மாதிரி இருந்தது. கடைசியில் இரண்டும் வரவில்லை. ஒரு பெருமூச்சு வந்தது. "சரி. இப்ப என்ன செய்யணும்? சொல்லுங்க."

"மொதல்ல வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணியும் அடிச்சுப் பேனச் சாகடிக்கணும். அடிக்காமத் தோண்டுனா பறந்து வேற மரத்துக்குப் போயிரும். அப்பறம் கன்னக் கெழங்கோட எடுத்துப் பொதைக்கணும். பக்கத்து மரத்துக்கும் மருந்து அடிக்கணும். தோட்டம் பூராவும் ஒவ்வொரு மரமாப் பாக்கணும்."

"யாரு எடுக்குறது? நான் எடுத்தா உங்க அத்தை எனக்குச் சோறு போட மாட்டா."

"நான் எடுத்தா எனக்குப் போட மாட்டாக."

"மாப்ளைக்குப் போடாம இருக்க மாட்டா. எனக்குப் போடாம இருந்துருக்கா." மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்களே போயி அவகிட்டச் சொல்லிருங்க. நான் சோப்பு வாங்கிட்டு வாரேன்." சோப்பு வாங்க அவர் அவ்வளவு வேகமாக நடந்து அவன் பார்த்ததில்லை.

முருகம்மாள் கொல்லையில் உட்கார்ந்து புளியைப் போட்டு விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் தேடினாள். கொல்லையில் கதவு இல்லை. வேறு வழியில்லாமல் அவனையே பார்த்தாள்.

அவன் சொன்னான். சீனியைச் சொன்னான், எறும்பைச் சொன்னான், பேனைச் சொன்னான், எடுத்தாக வேண்டும் என்பதைச் சொன்னான். வகுப்பில்கூட அவன் இவ்வளவு சுருக்கமாகப் பாடம் நடத்தியதில்லை.

அவள் கை நின்றுவிட்டது.

"நெசமாவே எடுக்கணுமா?"

"எடுக்கணும் அத்தை. என் மேல கோவம்தான், எனக்குத் தெரியும். அன்னைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"கோவமா? எனக்கு என்ன கோவம்?" அவள் குரல் சட்டென்று ஏறியது. "ஊரெல்லாம் உங்களப் பேசுறாகளேன்னு எனக்கு மொகத்தப் பாக்க முடியல. நான் அந்தக் கன்னுக்கு எதுக்கு வெளக்கு வச்சேன்னு நெனைக்கிறீக? வெள்ளையா வந்துருக்கா, நல்லதுதான் கொண்டு வருவா, எங்க மாப்ளைக்கு ஒரு வேல ஆர்டரக் கொண்டு வரட்டும்னுதான் வச்சேன். நீங்க என்னடான்னா போயி அதே கன்னச் சாகும்னு சொல்லிட்டு வந்து நிக்கிறீக. நான் யாருகிட்டப் போயிச் சொல்லி அழ?"

ராஜபாண்டி எத்தனையோ தேர்வுக்குழு முன்னால் உட்கார்ந்து பதில் வராமல் முழித்திருக்கிறான். அதெல்லாம் இதற்கு ஒத்திகை.

"அந்தக் கன்னு எனக்கு ஊட்டும்னு தோணல அத்தை" என்றான் கடைசியில். "நீங்கதான் ஊட்டுறீக."

அவள் மூக்கைச் சிந்தினாள். தேய்த்த விளக்கைக் கழுவித் துடைத்து, மாடத்தில் கவிழ்த்து வைத்தாள். "எடுத்துருங்க. அவரு தோட்டத்துக்கு ஒண்ணுன்னா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. நான் வந்து நிக்கிறேன். நான் இல்லாம எடுத்தீகன்னா மாயக்கா உங்கள மண்ணுக்குள்ள எறக்கிருவா."

தோட்டத்துக்குப் போனபோது மாயக்காளும் இன்னும் நாலைந்து பெண்களும் பூத்தட்டோடு வந்திருந்தார்கள். ஜஸ்டினும் வந்திருந்தான். ராஜபாண்டியின் கையில் கடப்பாரையைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். போனை எடுத்தான்.

"ஆத்தீ!" என்றாள் மாயக்காள். "நாக்கால வெட்டுனது பத்தாதுன்னு கடப்பாரையோட வந்துட்டாகளா? ஏ முருகம்மா, பாத்துக்கிட்டா நிக்கிற?"

"பாக்கத்தான் வந்துருக்கேன். நீயும் பாரு, வா." முருகம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மட்டைக்குள் குனிய வைத்தாள். மாயக்காள் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கும் வாழை இருந்தது, அடுத்த தோட்டத்தில். அம்மன் என்கிற சொல் அவள் வாயில் பாதியிலேயே நின்றுவிட்டது.

"இம்புட்டுப் பேனு எப்பிடி வந்துச்சு?"

எல்லோரும் ராஜபாண்டியைப் பார்த்தார்கள். ஜஸ்டினின் போனும் பார்த்தது.

"நான் சீனித்தண்ணி ஊத்துனேன்" என்றான் ராஜபாண்டி. "கன்னு பொழைக்கட்டும்னு. எறும்பு வந்துச்சு, எறும்போட பேனும் ஏறிருச்சு."

பின்னால் நின்ற ஒருத்திக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. மாயக்காள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஏத்தே! பி.எச்.டி. படிச்சவுக வாழைக்குக் காப்பி ஆத்திக் குடுத்துருக்காகளே! ஏன் மாப்ளை, பாலு ஊத்தலையா? பிஸ்கோத்து?"

சிரிப்பு வாய்க்கால் தாண்டிப் போனது. ராஜபாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அசதியாக இருந்தது; ஆனால் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரியும் இருந்தது. காலையில் அவன் சாபம் விடுகிறவன். இப்போது வெறும் முட்டாள். முட்டாள் பட்டம் எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. முனைவர் பட்டத்தைவிட லேசு.

நல்லகண்ணு வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்த ஸ்பிரேயரோடு வந்தார். ராஜபாண்டி அதை வாங்கி ஜஸ்டினின் தோளில் மாட்டினான்.

"சார், நான் வீடியோ..."

"ரெண்டு கையாலயும் பிடிப்பா. கீழ்மட்டையிலருந்து மேல அடி. ஒண்ணு தப்பிச்சாலும் மாயக்கா தோட்டத்துக்குத்தான் போகும்."

"அடேய், ஒழுங்கா அடிடா" என்றாள் மாயக்காள்.

பேன் எல்லாம் ஊறி உதிர்ந்து ஓய்கிறவரை காத்திருந்தார்கள். பிறகு ராஜபாண்டி சுற்றி மண்ணைப் பறித்தான். கடப்பாரை அவனுக்குப் பழக்கமில்லை. கல்லில் பட்டுக் கையில் அதிர்ந்தது. நல்லகண்ணு வாங்கிக்கொள்ள வந்தார். அவன் கொடுக்கவில்லை. கிழங்கு தெரிந்தது. தாயின் கிழங்கும் கன்றின் கிழங்கும் ஒட்டுகிற இடம், கையை மடக்கின முழங்கை மாதிரி, தடித்து இருந்தது. அவ்வளவு நாள் புத்தகத்தில் படமாகப் போட்டு அம்புக்குறி வைத்த இடம். வெள்ளைக் கன்றின் பக்கம் ஒரு கரையான் அரிப்புக்கூட இல்லை. தாய் நன்றாகத்தான் ஊட்டியிருந்தது. எது பச்சை, எது வெள்ளை என்று அது பார்க்கவில்லை. தார் சுமந்துகொண்டு, கூடவே இதையும் சுமந்துகொண்டு இருந்திருக்கிறது.

கடப்பாரையை அந்த இடத்தில் வைத்துவிட்டு அவன் கொஞ்சம் நின்றான்.

"குத்துங்க மாப்ளை" என்றாள் முருகம்மாள் பின்னாலிருந்து. கதவைப் பார்க்காமல், அவனைப் பார்த்து.

குத்தினான். சத்தம் பெரிதாக வரவில்லை. சாறு கசிந்தது. கன்றைச் சாக்கில் போட்டுக் கட்டி, தோட்டத்து மூலையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். மாயக்காள் பூவை என்ன செய்வது என்று தெரியாமல் தட்டோடு நின்றாள். அப்புறம் குழியின் மேலேயே போட்டுவிட்டுப் போனாள். ஜஸ்டினின் வீடியோவில் அன்றைக்கு ஸ்பிரேயர் குழாய் மட்டும் தெரிந்தது. அதை அவன் போடவில்லை. மயிலாடும்பாறைப் பக்கம் ஒரு வேப்பமரத்தில் பால் வடிகிறதாம், மறுநாள் அங்கே போவதாகச் சொன்னான். "சார், நீங்களும் வந்து அதப் பத்தி..." என்று ஆரம்பித்தான். ராஜபாண்டி கையெடுத்துக் கும்பிட்டான்.

இருட்டுகிற நேரத்துக்கு மாரீஸ்வரி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம் கதையைக் கேட்டு முடித்திருந்தாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

"சீனி டப்பாவுக்கு நான் அம்மாகிட்ட உங்களுக்காக வக்காலத்து வாங்குனேன்" என்றாள். "வேலை டென்சன்ல காப்பி கூடுதலாக் குடிக்கிறாகன்னு சொன்னேன்."

"தேங்க்ஸ்."

"வாழைக்குச் சீனியா? ஆசுபத்திரியில வந்து சொல்லிராதீக. குளுக்கோஸ் பாட்டில் தொங்க விடச் சொல்வாக." மருந்து தடவினாள். அவள் கண்ணில் பஸ்ஸின் தூசியும் நாளெல்லாம் நின்ற களைப்பும் இருந்தன. மருந்தைத் தடவி முடித்த பிறகும் கையை விடவில்லை.

மறுநாள் தார் இறங்கியது. நல்லகண்ணு பச்சைக் கன்றை விட்டுவிட்டு மற்றதைச் சீவினார். தாய் மரத்தை மட்டும் சாய்க்காமல் விட்டுவிட்டார். அதிலுள்ள சத்து இறங்கிக் கன்றுக்குப் போகட்டும் என்றார். அப்புறம் ராஜபாண்டியிடம் ஸ்பிரேயரை நீட்டினார்.

"ஒவ்வொரு மரமாப் பாக்கணும்னீகள்ல? எனக்குக் கண்ணு அம்புட்டுத் தெளிவில்ல. குருத்தப் பிரிச்சுப் பேன் பாக்குற வேலைய நீங்க வச்சுக்கங்க. வாரா வாரம்."

பி.எச்.டி.க்கு ஏற்ற வேலைதான் என்று ராஜபாண்டி நினைத்துக்கொண்டான். விளம்பரம் இல்லை, விண்ணப்பம் இல்லை, நேர்காணல்கூட இல்லை. ஸ்பிரேயர் வார் தோளில் அழுத்தியது.

கிளம்புமுன் முருகம்மாள் காப்பி டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு வாய் குடித்தான். வேப்பம் பட்டையைக் கரைத்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

"சீனி தீந்துபோச்சு" என்றாள் முருகம்மாள் நேராக அவன் முகத்தைப் பார்த்து. "ஒரு மாசத்துக்கு இப்பிடித்தான் குடிக்கணும்."

ஒரு மாசத்துக்கு. அவன் அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். பிறகு முதல் வரிசையில் முதல் மரத்தின் மட்டையை விலக்கினான்.